எந்த மாதத்தில் எந்தத் தீவு? குழுச் சுற்றுலாவுக்கு முன் ஒரு பாடம்



மாதக் கூட்டம் என்றால் சேமிப்பு, உள்கடன், தவணை, வங்கி இணைப்பு. வழக்கமாக நம் பேச்சு இதற்குள்ளேயே முடிந்துவிடும். இப்போது பல குழுக்களில் இன்னொரு பேச்சும் கேட்கிறது. "நாமளும் எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை போய்க் கடலைப் பார்த்துட்டு வரலாமே, தீவுன்னு சொல்றாங்களே, அது எப்படித்தான் இருக்கும்?" என்று கேட்கிறார்கள். கேட்க எங்களுக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கிறது. ஆடு, மாடு, அடுப்பு, நூறு நாள் வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு பெண் மூன்று நாள் தன் சந்தோஷத்துக்காக வெளியே போவதை ஆடம்பரம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் டூர் பேச்சு எடுத்தவுடன் எல்லோரும் "எங்கே போகலாம்?" என்றுதான் கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியது "எந்த மாதம் போகலாம்?" என்பது. மலைக்கோ கோயிலுக்கோ போனால் மழை வந்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம். தீவுக்குப் போய் மாதம் தப்பிவிட்டால் படகு போகாது, கடலில் கால் வைக்க முடியாது, லாட்ஜ் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். ஒரு வருடம் பத்தும் இருபதுமாகச் சேர்த்த காசு அது. அப்படித் திரும்பி வந்தால் வீட்டில் உள்ளவர்கள் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பார்கள். அடுத்த முறை கேட்கவே வாய் வராது. அதனால்தான் இந்த இதழில் இதையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

"ஆள் ஒன்றுக்குப் பாதிக் கட்டணம், சாப்பாடு இலவசம்" என்று நோட்டீஸ் வருகிறது பாருங்கள். அதில் எந்த மாதம் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அந்தத் தீவில் மழையும் காற்றும் இருக்கும் மாதமாக இருக்கும். விலை குறைவதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே செய்யும்.

இரண்டு காற்று

நம் கடல் முழுவதையும் ஆட்டி வைப்பது இரண்டு பருவக்காற்றுகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை குறைந்த பிறகும் அந்த வாடைக்காற்று தை, மாசி வரை கொஞ்சம் வீசிக்கொண்டிருக்கும். கேரளாவுக்கு ஜூனில் கொட்டுகிற மழை நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வருவது இதனால்தான். நம் மாநிலத்துக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது.

களத்துமேட்டில் நெல் தூற்றும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துத்தானே நிற்கிறோம்? தப்பான பக்கம் நின்றால் தூசி முழுக்க நம் முகத்தில். தீவும் அப்படித்தான். காற்று வந்து மோதுகிற பக்கம் அலையும் மழையும் அதிகம். மறு பக்கம் அடங்கியிருக்கும். காற்று மாறினால் பக்கமும் மாறும்.

அடுத்த கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு தீவு வரைந்து நான்கு திசைகளையும் குறியுங்கள். ஒருவர் விளக்குமாற்றை எடுத்துத் தென்மேற்கு மூலையிலிருந்து வீசட்டும்: இது ஆடி மாதம். பிறகு வடகிழக்கு மூலைக்குப் போய் வீசட்டும்: இது கார்த்திகை. ஒவ்வொரு முறையும் எந்தக் கரையில் நிற்கலாம் என்று மற்றவர்கள் சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்கள்தான் இதில் முதலில் சரியாகச் சொல்வார்கள்.

கைக்கெட்டும் தீவு: இராமேஸ்வரம்

இராமேஸ்வரம் போய்வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் கோயிலுக்குப் போகிறோமே தவிர, அது ஒரு தீவு என்பதே பலருக்கு மனதில் இருப்பதில்லை. பாம்பன் தீவு அதன் பெயர். 1914-இல் ரயில் பாலமும் 1988-இல் சாலைப் பாலமும் திறந்தார்கள். பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்த பிறகு மறுபடியும் ரயிலிலேயே தீவுக்குள் போய் இறங்கலாம்.

இந்தத் தீவுக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணை. ஆழம் குறைந்த கடல். தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் போனால் வடக்கில் இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கில் இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அமைதியாக இருப்பது பெண்ணாம், ஆர்ப்பரிப்பது ஆணாம்! (யார் பெயர் வைத்தார்களோ, நம் குழுக் கூட்டத்துக்கு ஒரு நாள் வந்திருந்தால் மாற்றி வைத்திருப்பார்கள்.) உண்மையில் எப்போதும் அப்படி இருப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் வடக்குக் கடலுக்கு வேகம் வந்துவிடும், தெற்குப் பக்கம் அடங்கும். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மீனவப் பெண்களைக் கேளுங்கள், தேதி பார்க்காமலே சொல்வார்கள்.

அதனால் ஆடி மாதம் இராமேஸ்வரம் போனால் அக்னி தீர்த்தத்தில் பயமில்லாமல் முங்கி எழலாம். அதே நாளில் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போனால் மணல் முகத்தில் அடிக்கும், தெற்குப் பக்கத்து அலை கல் தடுப்பில் மோதித் தெறிக்கும். வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இரண்டு கடலும் சேருகிற இடம் என்பதால் அரிச்சல்முனையில் எந்த மாதத்திலும் குளிக்க இறங்கக் கூடாது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு இருக்கும். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். அங்கே கழிப்பறை வசதியும் குறைவு. பெண்கள் கூட்டமாகப் போகும்போது இது சின்ன விஷயம் இல்லை, இராமேஸ்வரத்திலேயே போய்விட்டுக் கிளம்புங்கள்.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் சர்ச்சையும் ரயில் நிலையத்தையும் பார்ப்பீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் செய்த வேலை அது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. அந்த ஊர் அதன் பிறகு ஊராக எழவில்லை. மார்கழி ஆரம்பத்தில் நடந்தது என்பதைக் கவனியுங்கள். "கார்த்திகையோடு மழை போச்சு" என்று நினைத்து டிசம்பரில் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அப்படியானால் எப்போது போகலாம்? தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை, அதாவது பிப்ரவரியும் மார்ச்சும், எங்கள் கணக்கில் முதல் இடம். மழை இல்லை, வெயில் ஏறவில்லை, காற்றும் குறைந்து வரும். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் கூட்டமாக நிற்பதையும் அந்த நாட்களில் பார்க்கலாம். தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தர்ப்பணம் கொடுக்கவே போகிறவர்கள் போகட்டும். மற்றவர்களுக்கு அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கூடும். ஏப்ரல், மே மாதங்களிலும் கடல் பரவாயில்லை, ஆனால் வெயில் கடுமை. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் காலை 10 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்கு மேலும்தான் கரையில் நிற்க முடியும். மீன் சாப்பாட்டை நினைத்துப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் வரத்து குறையும், விலை ஏறும்.

கடல் தாண்டினால்

இராமேஸ்வரத்தில் பார்த்த கணக்கை இலங்கை இன்னும் பெரிதாகக் காட்டுகிறது. அந்தத் தீவின் நடுவில் உயர்ந்த மலைகள் இருக்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழையை அந்த மலைகளே வாங்கிக்கொள்கின்றன. காலி, ஹிக்கடுவை, பெந்தோட்டை போன்ற தென்மேற்குக் கடற்கரைகள் அப்போது நனையும், அலை உயரும். அதே நாட்களில் கிழக்கே திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா கரைகள் காய்ந்து, கடல் தெளிந்து இருக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கதை தலைகீழ்: தெற்கும் மேற்கும் நன்றாக இருக்கும், கிழக்கில் வடகிழக்கு மழை. அதனால் "இலங்கை டூர்" என்று யாராவது சொன்னால் "எந்தக் கரை?" என்று கேளுங்கள். ஜூலையில் காலி, டிசம்பரில் திருகோணமலை என்று திட்டம் போட்டுக் கொடுத்தால் அவருக்கு ஊர் தெரியாது என்று அர்த்தம். அக்டோபர், நவம்பரில் எந்தக் கரையும் வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் மழை வெள்ளத்திலும் மண்சரிவிலும் இலங்கையில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்களே, அதுவும் பருவத்துக்குக் கட்டுப்பட்டதுதான். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கினார்கள். பருவமழை வருகிறது என்று சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது, அந்த வருட மழைக்காலத்தில் மறுபடி நின்றது. கப்பலை நம்பித் திட்டம் போடுகிற குழு ஓடுகிற தேதிகளை முதலில் விசாரித்துவிட்டு அதற்குப் பிறகு பாஸ்போர்ட் வேலையைத் தொடங்கலாம்.

அடுத்தது அந்தமான். சென்னையிலிருந்து கடலில் சுமார் 1,200 கிலோமீட்டர். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக் தீவு 2018-லிருந்து சுவராஜ் தீவு. நோட்டீஸில் இரண்டு பெயரும் மாறி மாறி வரும், குழம்ப வேண்டாம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால் பாஷைக் கஷ்டம் குறைவு. ஆனால் மழையில் அந்தமானுக்குச் சலுகை கிடையாது. தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடும் முன்பே, மே மாதத்திலேயே, அங்கே வந்துவிடும். அது முடிந்ததும் வடகிழக்குப் பருவம். இரண்டு மழையும் பெய்கிற இடம். ஆகையால் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நம்பிப் போகலாம்.

"டிசம்பரே சீசன்தானே, எல்லோரும் போகிறார்களே" என்று கேட்பீர்கள். போகிறார்கள். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் புயல் சின்னம் உருவாகி, ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் படகு இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல் வந்து அழைத்துப்போக வேண்டியிருந்தது. அதே புயல்தான் பிறகு வர்தாவாகி டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது. தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் படகில் போகிற பயணத்தில் எப்போதும் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். கடைசி நாள் மாலை படகு, அன்று இரவே விமானம் என்று யாராவது போட்டுக்கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. சென்னையிலிருந்து கப்பலில் போனால் போக மட்டும் ஏறக்குறைய மூன்று நாள், திரும்பவும் அதே. பால் மாடு வைத்திருப்பவர் பத்து நாள் வீட்டை விட்டு இருக்க முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

லட்சத்தீவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கொச்சியிலிருந்து கப்பல். உள்ளே போக நம் நாட்டுக்காரர்களே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பவளத்திட்டுக்கு உள்பக்கம் கடல் தொட்டித் தண்ணீர் மாதிரி நிற்கும், நீச்சல் தெரியாத நமக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அக்டோபர் பாதியிலிருந்து மே பாதி வரை போகலாம் என்பார்கள். ஆனால் 2017-இல் ஓகி புயல் கன்னியாகுமரியைத் தாக்கிவிட்டு லட்சத்தீவுக்குப் போனது டிசம்பர் தொடக்கத்தில். எனவே இங்கேயும் ஜனவரிக்குப் பிறகுதான் எங்கள் ஓட்டு.

நம் வேலையும் பள்ளி விடுமுறையும்

இப்போது சிக்கல் தெரிகிறதா? கடல் நன்றாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை. மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மே மாதம் லீவு, ஆனால் அந்தமானில் மழை தொடங்கிவிடும். காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில், அப்போது காற்று மாறுகிற நேரம். அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில், புயல் பயம் முழுசாகப் போயிருக்காது.

பிள்ளைகளோடுதான் போவோம் என்கிற குழுக்கள் ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம் இராமேஸ்வரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகள் உள்ள குழுக்களுக்கு எங்கள் யோசனை வேறு. அறுவடைக் கூலி கையில் இருக்கும் பிப்ரவரி கடைசியில் உறுப்பினர்கள் மட்டும் போய்வாருங்கள். பிள்ளைகளை அப்பாக்கள் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று நாள்தானே, ரசம் வைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

ஆடி, ஆவணியில் வேலை இல்லாமல் இருக்கும் மானாவாரிப் பகுதிக் குழுக்கள் இராமேஸ்வரத்தின் வடக்குக் கரையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் எந்தத் தீவும் வேண்டாம், அது சேமிக்கிற காலம்.

பணத்தைப் பற்றி எங்கள் கருத்து கறாரானது. குழுவின் பொதுச் சேமிப்பையும் சுழல்நிதியையும் சுற்றுலாவுக்குத் தொடக் கூடாது, இதற்காக உள்கடனும் வேண்டாம். மாதம் 200 ரூபாய் தனியாகக் கட்டினால் ஒருவருக்கு ஒரு வருடத்தில் 2,400 ரூபாய். பன்னிரண்டு பேர் உள்ள குழுவுக்கு 28,800 ரூபாய். தனிக் கணக்குப் புத்தகம், தனித் தீர்மானம். டூர் ஏஜெண்டுக்கு முழுப்பணமும் முன்னால் கொடுக்காதீர்கள். புயல் எச்சரிக்கையால் பயணம் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார், படகு ஓடாமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் அந்தச் செலவு யாருடையது, இந்த இரண்டையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் பயணம் வேண்டாம்.

கரையில் நிற்கும்போது

நம்மில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. கிணற்றில் நீந்தியவர்களுக்கும் கடல் வேறு. முழங்கால் தண்ணீருக்கு மேல் போக வேண்டாம். ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்க வேண்டாம். நனைந்த சேலை காலைச் சுற்றும், சுடிதாரோ நைட்டியோ இருந்தால் நல்லது. நைட்டி கூட இழுக்கும், சுடிதாரே மேல். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும். ஐந்து பேருக்கு ஒருவர் பொறுப்பு, வண்டி ஏறும்போதெல்லாம் தலையை எண்ண வேண்டும். லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறாதீர்கள். அந்தமானில் சில கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும், அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வானிலைச் செய்தி கேளுங்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றாலோ, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்தாலோ நம் பயணமும் தள்ளிப்போக வேண்டும். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093. இரண்டையும் எல்லோர் போனிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதிகள் தங்கள் குழு முடிவு செய்த மாதம், கரை, வருகிற உறுப்பினர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் தீர்மான நகலோடு கொண்டுவாருங்கள். ஒரே மாதத்தைச் சொல்கிற குழுக்களை ஒரே பேருந்தில் சேர்த்தால் வாடகை குறையும். பிப்ரவரிக்கு வருகிறவர்கள் இந்த மாதமே 200 ரூபாயைக் கட்டத் தொடங்கலாம்.